ஆளறிஞ்சான்

மூன்றாவது முறையும் பூஜ்யம் வந்தது. அதைப் பார்த்ததும் நான் சிரித்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பூஜ்யம் போடுவதில் எனக்கு அப்படி ஒரு ருசி. தென்காசியில் இருக்கும் மூலிகைச் சோதனைச்சாலை ஒன்றில் பதினோரு வருஷமாக அதுதான் என் வேலை. பாட்டிலில், பொட்டலத்தில், மாத்திரையில் என்று வருகிற பச்சிலை மருந்துக்குள் நோயைத் தொடுகிற சரக்கு நிஜமாகவே இருக்கிறதா, இருந்தால் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். செங்கல் தூளைச் சூரணம் என்று அனுப்பியவர்கள் உண்டு. வேலியோரத்துப் புல்லைக் காயவைத்து, அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்து, பெட்டியில் போட்டு அனுப்பிய மகராசன்களும் உண்டு. மூலிகைத் தூய்மைச் சட்டம் வந்த பிறகுதான் இந்தக் கும்பலின் கொட்டம் அடங்கியது. இப்போது செயற்பொருள் இன்னது, இவ்வளவு என்று லேபிளில் அச்சடிக்காமல் ஒரு இலையைக்கூட விற்க முடியாது. மூன்று முறை பூஜ்யம் வாங்கிய மூலிகை போலிப் பட்டியலுக்குப் போய்விடும். பட்டியலில் ஏறியதை வீட்டில் வளர்ப்பதும் குற்றம். ஆட்கள் வந்து வேரோடு பிடுங்கிக்கொண்டு போவார்கள். போலி மருந்து தின்று ஈரல் கெட்டுச் செத்தவர்களின் கோப்புகளைப் படித்தவள் நான். எனக்கு அந்தச் சட்டத்தின்மேல் ஒரு வருத்தமும் கிடையாது.

இந்த முறை மாட்டியது ஆளரிஞ்சான். மலையடிவாரத்தில் முழங்கால் உயரம் வளர்கிற செடி. இலையின் ஓரம் முழுக்க ரம்பப் பல், அடிப்பக்கம் முழுக்கச் சுணை என்கிற மெல்லிய முடி. மலையில் இருக்கிற அணைக்கும் மேலே உள்ள ஒரு குடியிருப்பின் பெண்கள் சங்கம் சான்று கேட்டு அனுப்பியிருந்தது. விண்ணப்பத்தில், ஒரு வீட்டில் கை நடுக்கத்துக்கு, அடுத்த வீட்டில் சர்க்கரைக்கு, அதற்கும் அடுத்த வீட்டில் மூச்சிளைப்புக்கு என்று எழுதியிருந்தார்கள். எல்லா நோய்க்கும் ஒரே இலை என்று யாராவது சொன்னாலே எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். அவர்கள் கொடுத்த விதையை எங்கள் நிழல்வலைக் கூடாரத்தில் போட்டு, இயந்திரத்தால் தண்ணீர் ஊற்றி, தடிக் கையுறை மாட்டிப் பறித்து, மூக்கனிடம் கொடுத்தோம்.

மூக்கன் என்பது எங்கள் பெரிய கருவிக்கு நாங்கள் வைத்த பெயர். சாற்றை அதற்குள் விட்டால் ஒரு நீளக் குழாய் வழியாக ஓடும். ஒவ்வொரு சரக்கும் தனக்கென்று ஒரு நேரத்தில் வெளியே வரும்; வரும்போது திரையில் ஒரு முகடு எழும். அது என்ன பொருள், உடம்புக்குள் போனால் என்ன வேலை செய்யும் என்று இருபது நிமிஷத்தில் மூக்கன் ஊகித்துச் சொல்லிவிடும். ஆளரிஞ்சானுக்குத் திரை மூன்று முறையும் துடைத்து விட்ட தரையாகக் கிடந்தது.

முடிவை நேரில் வாங்க வந்தவள் பெயர் மாடத்தி. சங்கத்தின் செயலாளர். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். இரண்டு பஸ் மாறி வந்தவள் உட்காரச் சொல்லியும் உட்காராமல், தாளை வாங்கி நின்றபடியே படித்தாள்.

"மேடம், இதுல பேரு தப்பா இருக்கு."

"எந்தப் பேரு?"

"இலை பேருதான். சின்ன ர போட்டிருக்கீங்க. பெரிய ற போடணும்லா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஒரு எழுத்து மாறுனா ரிசல்ட் மாறிருமா?"

"மாறாதா பின்ன? நீங்க எழுதியிருக்கது ஆளை அரியுத இலை. கத்தி கணக்கா. எங்க இலை ஆளை அறியுத இலை. யாரு தொட்டு வளக்காவளோ அவுகளத் தெரிஞ்சுக்கிடும்."

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் அடுத்த கேள்வியைப் போட்டாள்.

"நீங்க எப்படிப் பறிச்சீங்க?"

"கையுறை போட்டுத்தான். கையை அரிஞ்சிரும்னு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன்.

"அதுக்கு முன்னால எத்தனை நாளு தொட்டு வளத்தீங்க?"

"தொடவே இல்ல. மெஷின்தான் தண்ணி ஊத்துச்சு."

மாடத்தி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். "யாருமே தொடலன்னா அது யாருக்குன்னு மருந்து வைக்கும்?" என்றாள். என்னைப் பழிக்கிற தொனி அதில் இல்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை.

பிறகு அவளே சொன்னாள். அவர்கள் குடியிருப்பில் வீட்டில் எத்தனை பேரோ அத்தனை தொட்டி. காலையில் எழுந்ததும் அவரவர் தொட்டியின் இலைகளை வெறுங்கையால் அடிப்பக்கம் தடவ வேண்டும். ஒன்பது நாள் தடவிவிட்டுப் பத்தாம் நாளிலிருந்து பறித்துத் தின்னலாம். ஒருவருக்கு வளர்ந்ததை இன்னொருவர் தின்றால் வெறும் புல்தான்.

"ஆறு வருசம் முன்னால என்னால ஒரு செம்புத் தண்ணி எடுத்துக் குடிக்க முடியாது மேடம். அப்படி ஆடும் கை. எம்மவளுக்குத் தலை பின்னி விடவும் முடியல, பக்கத்து வீட்டுக்கு அனுப்புவேன். இப்பப் பாருங்க." இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினாள். அசையாமல் இருந்தன. "செடியப் பிடுங்கிட்டீங்கன்னா ஒரு மாசம் தாங்காது. மறுபடி ஆட ஆரம்பிச்சிரும்."

நான் எழுந்து போய்ப் பதிவேட்டை எடுத்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பெயரைத் தொலைபேசியில் கேட்டு எழுதியது யார் என்று பார்த்தேன். பொ. குழல்வாய்மொழி. அதாவது நான். காதில் விழுந்ததற்கும், படத்தில் பார்த்த ரம்பப் பல்லுக்கும் பொருத்தமாக இருக்கிறதே என்று ர போட்டிருக்கிறேன். அதற்கு அடுத்த வரியில், இலை அரியும் தன்மையுள்ளது, தடித்த கையுறை கட்டாயம், வெறுங்கையால் தொடலாகாது என்று விதி எழுதியதும் நான்தான். வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. அதோடு கூடவே உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்தச் சுணை! அது எதற்கு இருக்கிறது? தொடுகிற கையின் வியர்வையைக் குடிக்கவா? ஒரு மனிதனின் வியர்வையில் அவன் நோய் முழுக்க எழுதியிருக்கிறதே!

எங்கள் தலைமைப் பகுப்பாய்வாளர் டாக்டர் இக்னேஷியஸின் அறைக்குக் கதவைக்கூடத் தட்டாமல் ஓடினேன். பாளையங்கோட்டைக்காரர், ஐம்பத்தொன்பது வயது. அவர் கையெழுத்து இல்லாமல் எங்கள் சோதனைச்சாலையிலிருந்து ஒரு சான்றும் வெளியே போகாது. வழக்கம்போல வெள்ளைக் கோட்டின் பைகளுக்குள் கைகளை விட்டபடி ஜன்னலோரம் நின்றிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். மாடத்தி கையை நீட்டிக் காட்டியதையும் நடித்தே காட்டினேன்.

"ஆறு வருசமாவா?" என்றார்.

"ஆமா சார். கை அப்படியே நிக்குது!"

பிறகு, "மூணாவது முடிவ மேல ஏத்த இன்னும் எத்தனை நாள் இருக்கு?" என்று கேட்டார்.

"பன்னண்டு நாள். ஒம்பது நாள் வளர்க்க, ஒரு நாள் பார்க்க. தாராளமாப் போதும்."

"சரி, செய். ஆனா ஒழுங்காச் செய். வெறுங்கையால நாலு பேரு வளர்க்கட்டும். கையுறை போட்டு ரெண்டு தொட்டி வை."

"ஒண்ணு போதாதா சார்?"

"ரெண்டு வை. கையுறை போட்டதுல ஒரு துளி வந்துட்டாலும் மொத்தமும் செல்லாது. அதையும் ஞாபகம் வச்சுக்கோ."

கூடாரத்துச் செடிகளிலிருந்து ஆறு தொட்டி வைத்தோம். ஒன்றாம் தொட்டி மாடத்திக்கு. இரண்டாவது எனக்கு. மூன்றாவது, என்னோடு வேலை பார்க்கும் ரபீக்குக்கு. இருபத்தைந்து வயதிலேயே சர்க்கரை வந்தவன். நான்காவது, மூச்சிளைப்பு உள்ள வாட்ச்மேன் சுடலைமுத்து அண்ணாச்சிக்கு. ஐந்தும் ஆறும் யாருக்கும் இல்லாதவை. கையுறை மாட்டி, தொட்டவர் வாசனையே படாமல் நான் பார்த்துக்கொள்ள வேண்டியவை.

அந்த ஒன்பது நாளும் எங்கள் சோதனைச்சாலை திருவிழா வீடாக இருந்தது. மாடத்தி தினம் முதல் பஸ் பிடித்து எட்டரை மணிக்கு வந்துவிடுவாள். "தடவுங்க, பிசையாதீங்க. அது என்ன பரோட்டா மாவா?" என்று ரபீக்கை விரட்டுவாள். அவன் செடியோடு பேசவே ஆரம்பித்துவிட்டான். "இன்னைக்கு மட்டும் ஒரு அல்வா தின்னுட்டேன், கண்டுக்காத" என்று அவன் கெஞ்சியதை நானே கேட்டேன். சுடலைமுத்து அண்ணாச்சி தடவுவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வர, "வேர்வையோட வாங்க அண்ணாச்சி, வேர்வைதான் வேணும்" என்று நான் கத்தினேன். டாக்டர்கூடத் தினமும் வந்து எட்டிப் பார்த்தார். அவர் எப்போதும் எல்லோருக்கும் முந்தி, ஏழு மணிக்கே வந்துவிடுகிறவர். நாங்கள் எட்டு மணிக்கு வரும்போது கூடாரத்திலிருந்து வெளியே வருவார்.

பத்தாம் நாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலை ஆறு மணிக்கே வந்து கூடாரத்தைத் திறந்தேன். சாறு எடுப்பதற்கு ஒரு தொட்டியின் இலை முழுக்க வேண்டும். அத்தனையும் அரைத்தால் மூக்கனுக்கு ஒரு சின்னக் குப்பி தேறும். ஆறு தொட்டியையும் மொட்டையடித்து, அரைத்து, வடிகட்டி, வரிசையாக ஆறு குப்பி வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். ஏழு மணிக்கு வந்த டாக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எல்லாத்தையுமா அரைச்சிட்ட?"

"எல்லாத்தையும் சார்! எனக்குப் பொறுக்கல."

எட்டரைக்கு எல்லோரும் கூடியதும் முதலில் ஆறாம் தொட்டியைப் போட்டேன். திரை வெறுமையாக ஓடியது. பூஜ்யம். பதினோரு வருஷத்தில் ஒரு பூஜ்யத்துக்காக நான் சாமியைக் கும்பிட்டது அன்றைக்குத்தான்.

அடுத்து ரபீக்கின் மூன்றாம் தொட்டி. ஏழாவது நிமிஷத்தில் திரையில் ஒரு கோடு அசைந்தது. அசைந்தது, எழுந்தது, நிமிர்ந்து நின்றது. இரத்தத்தில் சர்க்கரையை இறக்கும் தன்மை என்று மூக்கன் எழுதியது. நான் போட்ட கூச்சலில் ரபீக்கின் "அல்லாஹ்!" யாருக்கும் கேட்கவே இல்லை. சுடலைமுத்து அண்ணாச்சியின் தொட்டியில் ஒன்பதாவது நிமிஷம், முற்றிலும் வேறு பொருள். மூச்சுக்குழாயை விரிக்கும் தன்மை. என் தொட்டியில் குட்டியாக ஒரு முகடு. நெஞ்செரிச்சல். "காலைல சாப்பிடாம டீயாக் குடிச்சா பின்ன என்ன வரும்? செடிக்கே தெரிஞ்சிட்டு" என்று மாடத்தி கைகொட்டிச் சிரித்தாள். அவளுடைய தொட்டியில் பதினொன்றரை நிமிஷத்தில் எழுந்த முகடுதான் எல்லாவற்றிலும் பெரியது. நரம்பு நடுக்கத்தை அடக்கும் தன்மை. அந்தப் பொருளுக்கு உலகத்தில் இன்னும் பெயரே இல்லை என்று மூக்கன் சொன்னது. நான் மாடத்தியைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கிவிட்டேன்.

ஒரே செடி, ஒரே மண், ஒரே தண்ணீர். ஆளுக்கு ஒரு மருந்து. ஒரு எழுத்துக்குப் பின்னால் இவ்வளவும் ஒளிந்துகிடந்திருக்கிறது.

"இன்னும் அஞ்சாவது இருக்கு," என்று குப்பியை எடுத்தேன்.

"அது எதுக்கு?" என்றார் டாக்டர். "ஆறுதான் பூஜ்யம் வந்துட்டுல்லா? அது போதும்."

"நீங்கதான சார் ரெண்டு வேணும்னீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் நான் ஊசியைக் குத்திவிட்டேன். இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டும். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முகத்தில் சந்தோஷத்தின் சுவடே இல்லை.

"சார், சிரிங்க சார். எவ்வளவு பெரிய விஷயம்!"

"பெரிய விஷயம்தான். அதான் யோசிக்கேன். குழலி, இது ஆளுக்குத் தக்க மருந்து வைக்குதுன்னா, ஆளுக்கு என்ன நோய்னு அதுக்கு முதல்ல தெரியுது. அத நீ மெஷின்ல போட்டுப் படிச்சும் காட்டிட்ட."

"ஆமா. அதுக்கென்ன?"

"நாளைக்குப் பொண்ணு பார்க்க வர்றவன் பூவும் பழமும் கொண்டுவர மாட்டான். ஒரு தொட்டியக் கொண்டுவந்து, ஒம்பது நாள் தடவச் சொல்லு, பெறவு பேசுவோம்பான். வேலை குடுக்குறவன் ஆபீஸ் வாசல்ல வரிசையாத் தொட்டி வச்சிருப்பான். யாருக்கு எது இருக்குன்னு ஒளிச்சு வைக்கவே முடியாது."

சிரித்துக்கொண்டிருந்த ரபீக்கின் முகம் மாறியது. அவன் அக்காவின் நிச்சயம் அவளுக்கு ஆஸ்துமா என்று தெரிந்ததும் நின்றுபோனது எங்களுக்கெல்லாம் தெரியும்.

"எங்கூர்ல அப்படி ஒண்ணும் ஆவலியே," என்றாள் மாடத்தி. "அடுத்த ஆளு தொட்டிய யாரும் பார்க்கக்கூட மாட்டோம்."

"உங்க ஊர்ல மெஷின் இல்லம்மா," என்றார் டாக்டர்.

அப்போது திரை அசைந்தது.

பதினொன்றரை நிமிஷம். எழுந்தது, இன்னும் எழுந்தது, நின்றது. நரம்பு நடுக்கத்தை அடக்கும் தன்மை. மாடத்தியின் முகடேதான். ஒரு மயிரிழை மாற்றம் இல்லை.

கையுறை போட்டு வளர்த்த தொட்டி. ஒரு துளி வந்தாலும் மொத்தமும் செல்லாது. முந்தின சாறு குழாயில் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று வெறும் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. மறுபடி ஐந்தாம் குப்பியைப் போட்டேன். மறுபடி அதே இடத்தில் அதே முகடு. ஓடிய எதையும் மூக்கன் அழிக்க விடாது. ஒவ்வொன்றும் நேரத்தோடு அதன் நினைவில் பதிந்துவிடும். இதை இப்படியே அனுப்பினால் கையால் ஒன்றும் இல்லை, ஏதோ கலப்படம் என்றுதான் எழுதுவார்கள். மூன்று பூஜ்யமும் அப்படியே நிற்கும். செடி போய்விடும்.

அந்த இடத்தில் நான் செய்தது எனக்கே இன்னும் ஆறவில்லை. மாடத்தியின் பக்கம் திரும்பினேன்.

"நீ தொட்டியா?"

"என்னது?"

"அஞ்சாம் தொட்டிய நீ தொட்டியான்னு கேக்கேன். உன்னுது சரியா வராமப் போயிருமோன்னு பயந்து, ரெண்டையும் தடவியிருக்க. ஒழுங்கா உண்மையச் சொல்லு."

சற்று முன்னால் கட்டிப்பிடித்துத் தூக்கியவளை நீ, வா, போ என்றேன். மாடத்தியின் முகம் சுண்டிப்போனது.

"அடுத்தவுக தொட்டியத் தொடுதது எங்களுக்கு எச்சில் சோறு திங்குத மாதிரி," என்றாள். "அதுவும் எந்தலையில நானே மண்ணள்ளிப் போடுவனா? முப்பது வீடு என்ன நம்பித்தான அனுப்பியிருக்கு?"

"அப்ப இது எப்படி வந்துச்சு? உன் நடுக்கம் வேற யாருக்கு இருக்கு இங்க?"

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது, அதை என்னிடம் காட்டாமல் வாசலைப் பார்த்து நடந்தாள்.

"குழலி, அவங்கள ஒண்ணும் சொல்லாத," என்றார் டாக்டர். "இருங்கம்மா, போகாதீங்க. அஞ்சாம் தொட்டியத் தொட்டது நான்."

கோட்டுப் பைகளுக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்தார். இடது கை சும்மா இருந்தது. வலது கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எதையோ மாத்திரை உருட்டுவதைப்போல ஒன்றன்மேல் ஒன்று உரசி ஆடிக்கொண்டிருந்தன. அவர் அதை நிறுத்தப் பார்த்தார். நிற்கவில்லை. ஒரு வருஷமாக அவர் ஒரு குப்பியைக்கூட எங்கள் முன்னால் கையில் எடுக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஒண்ணரை வருசமாச்சு," என்றார். "என் வீட்டுக்காரி ஸ்டெல்லாவுக்கு மட்டும் தெரியும். வருசா வருசம் உடம்புத் தகுதி பார்க்குற அன்னைக்கு மாத்திரை கூடப் போட்டுட்டுப் போய்ச் சமாளிச்சேன். கை நடுக்கம் உள்ளவன் பகுப்பாய்வுக்குக் கையெழுத்துப் போடக்கூடாதுன்னு விதி இருக்குல்லா. அன்னைக்கு நீ ஓடிவந்து, இந்தம்மா கை அப்படியே நிக்குதுன்னு சொன்ன பாரு..."

"அதுக்குத்தான் ரெண்டு தொட்டி கேட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு மிச்சம் இருக்கட்டும்னு கேட்டேன். கடைசி நாள் அஞ்சாவது வாடிப்போச்சுன்னு எழுதிட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிரலாம்னு இருந்தேன். நீ ஆறு மணிக்கே வந்து அரைச்சிட்ட."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் என்று சொல்லத் தெரியவில்லை. விதி விதி என்று எங்களைப் பிழிந்தெடுத்த மனிதர், திருட்டுத்தனமாகத் தினம் காலை ஒரு செடியைத் தடவிக்கொடுத்திருக்கிறார்.

"சார், யாரோ தெரியாம தொட்டுட்டாங்கன்னு எழுதிருவோம்," என்றேன். "பேரு வேண்டாம்."

"பேரு இல்லாத குறிப்ப நீ ஒத்துக்கிடுவியா? வேற ஒரு லேப்ல இருந்து அப்படி வந்தா என்ன செய்வ?"

பூஜ்யம் போட்டிருப்பேன். அவருக்கும் அது தெரியும்.

விலகல் குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொன்னார். சோதனையில் எது முறை தவறினாலும், தவறியவரே தன் கையால் எழுதி, பெயர் போட்டு, கையெழுத்திட வேண்டிய நோட்டு அது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதினார். பத்து வரி எழுத இருபது நிமிஷம் ஆனது. ஐந்தாம் தொட்டியை ஒன்பது நாளும் காலை ஏழு மணிக்குக் கையுறையின்றித் தொட்டவர்: ம. இக்னேஷியஸ். தொட்டவருக்கு உள்ள நோய்: நடுக்குவாதம். முதலாம் தொட்டியை வளர்த்தவருக்கும் அதே நோய் என்பதால் இரண்டிலும் ஒரே செயற்பொருள் தோன்றியுள்ளது. எழுத்து போகப் போகச் சிறுத்து, கடைசி வரி எறும்பு ஊர்ந்ததாக இருந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது.

அதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. இதைவிட உறுதியான நிரூபணம் இந்தப் பரிசோதனைக்குக் கிடைக்கவே கிடைக்காது. ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத இரண்டு பேர், வேறு வேறு தொட்டி, ஒரே நோய், ஒரே மருந்து. நான் ஆறு மாதம் திட்டம் போட்டிருந்தாலும் இப்படி ஒரு சாட்சியை அமைத்திருக்க முடியாது. சொன்னால் வெட்கம், எனக்கு மறுபடி புல்லரித்தது.

"சான்றுல எனக்கு அடுத்தவளா நீ கையெழுத்துப் போடு," என்றார். "எனக்கு இனி அந்தத் தகுதி இல்ல. இன்னொண்ணு. மத்த தொட்டிக்கெல்லாம் எண் மட்டும் போடு. ரபீக் பேரு, இந்தம்மா பேரு, அண்ணாச்சி பேரு எதுவும் வெளிய போகக்கூடாது. என்ன நோய்ங்கிறது மட்டும் போதும். எம் பேரு ஒண்ணு போனாப் போதும்."

சான்றுத் தாளில் செயற்பொருள் என்ற கட்டத்தில் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. வெகுநேரம் யோசித்துவிட்டு, 'தொட்டு வளர்த்தவரைப் பொறுத்தது' என்று எழுதினேன். அளவு என்ற கட்டத்திலும் அதையே எழுதினேன். மேலே இருப்பவர்கள் இதைப் பார்த்துக் குழம்பட்டும், கேள்வி கேட்கட்டும், இங்கே வரட்டும். எல்லா முகடுகளையும் விலகல் குறிப்பையும் சேர்த்து, பழைய பூஜ்யங்களை ரத்து செய்யும் காரணமாக என் எழுத்துப் பிழையையும் எழுதி, அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். மூன்று பூஜ்யங்களுக்குப் பக்கத்திலும் 'ரத்து, பகுப்பாய்வாளரின் எழுத்துப் பிழை' என்று திரை காட்டியது. இனி யாரும் அந்தச் செடியைப் பிடுங்க முடியாது.

மாடத்தியிடம் போய் நின்றேன். "தப்பாப் பேசிட்டேன் மாடத்தியக்கா," என்றேன்.

"ஆமா, பேசிட்டீங்க," என்றாள். அதற்கு மேல் என்னைத் தேற்றுகிற மாதிரி எதுவும் சொல்லவில்லை. என்னைத் தாண்டி நேராகக் கூடாரத்துக்குள் போனாள். நாங்களும் பின்னாலேயே போனோம். ஐந்தாம் தொட்டியில் விரல் தடிமனில் ஒரு குச்சி மட்டும் நின்றிருந்தது.

"சார், ஒரு இலையாவது தின்னீங்களா?" என்று டாக்டரிடம் கேட்டாள்.

"இல்லம்மா. பத்தாம் நாள்தான் தின்னணும்னு நீங்க சொன்னீங்களே."

அவருடைய ஒன்பது காலைப்பொழுதும் மூக்கனின் கழிவுப் புட்டியில் பச்சைத் தண்ணீராகக் கிடந்தது. அரைத்தது நான். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாடத்தி குனிந்து குச்சியை நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சை தெரிந்தது.

"உசிரு இருக்கு. நாலு நாள்ல தளுத்துரும்," என்றாள். "தளுத்ததும் பறிச்சுத் தின்னுங்க."

"மறுபடி ஒம்பது நாள் தடவ வேண்டாமா?"

"அது எதுக்கு சார்? அதுக்குத்தான் ஒங்களத் தெரியுமே."

டாக்டர் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, ஆடுகிற விரல்களை அந்தக் குச்சியின்மேல் வைத்தார்.